போனஸும் பிராண்டும்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் மகன் தீபாவளிக்குப் பத்தாயிரம் ரூபாய் ஷூ கேட்கிறான். காக்களூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் போனஸ் அதற்கே சரியாகிவிடும். என்ன செய்ய?
— வாசகர், திருப்பாச்சூர்

பதில்: அதே மாதிரி டூப்ளிகேட் மட்டும் வாங்கிவிடாதீர்கள். லோகோவின் தையல் ஒரு நூல் பிசகினாலும், சோலின் ஓரத்தில் பசை வழிந்திருந்தாலும் நமக்குத் தெரியாது. அவன் வகுப்புக்கே தெரிந்துவிடும். அவனுக்கு வேண்டியது நண்பர்கள் நடுவே ஒரு மதிப்பு. போலி அதைக் கெடுக்கும்; சின்னதாக இருந்தாலும் அசல் காப்பாற்றும். அதே கம்பெனியின் தொப்பி வாங்கலாம். ஷூதான் வேண்டுமென்றால், புது மாடல் வந்ததும் பழைய மாடலின் விலை பெரும்பாலும் இறங்கும்; பேக்டரி அவுட்லெட்டில் தேடுங்கள். 'தீபாவளிக்குத் தொப்பியா?' என்று முகத்தைத் தூக்கினால் போனஸ் கணக்கை அவன் முன் வையுங்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு; அதற்கும் உச்சவரம்பு உண்டு. வீடு முழுக்கத் துணி, பட்டாசு, பலகாரம் எல்லாம் அதற்குள்தான். பிள்ளைக்கு எதற்கு வீட்டுக் கஷ்டம் என்பார்கள். திரிகோணமிதி போடுகிறவனுக்கு இந்தக் கணக்கு தாராளமாகப் புரியும். அவன் பங்கு இவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். இப்போதே வாங்குவதா, பொங்கல் வரை சேர்ப்பதா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.