போட்ட பணம் எப்போ வரும்?

கேள்வி: மகனை மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்க்க நான்கு வருடத்துக்கு 10 லட்சம் ஆகுமாம். போட்ட பணம் திரும்புமா? – ஒரு தகப்பன், விருதுநகர்

பதில்: திரும்பும், யாரிடம் என்பதுதான் கேள்வி! கடன் வாங்கினால் முதலில் வங்கிக்கு. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கேட்கமாட்டார்கள்தான். ஆனால் பையன் கட் அடித்தாலும் வட்டி ஒரு நாள்கூட கட் அடிக்காது. அந்த வட்டியை விட்டுவிட்டு, 10 லட்சத்துக்கு 10 சதவீதம், 10 வருடம் என்று போட்டாலே மாதம் 13,200 ரூபாய்க்கு மேல்; மொத்தம் கிட்டத்தட்ட 16 லட்சம். கேம்பஸில் ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் ஆரம்பச் சம்பளமோ வருடத்துக்கு மூன்றரை லட்சம் பக்கம். அதில் பி.எஃப்., சென்னை ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு போக உங்களுக்கு ஜிபேயில் வருவது தீபாவளி வாழ்த்து மட்டும்தான்.

கட்டாஃப் இடம் கொடுத்தால் கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரியைப் பிடியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டும்.

இரண்டும் இல்லையா? கல்லூரி ஃப்ளெக்ஸில் சிரிக்கும் 'அதிகபட்ச பேக்கேஜ்' பையனை விட்டுவிட்டு, வகுப்பில் நடுவாந்திரமாகப் படித்தவன் என்ன வாங்குகிறான் என்று கேளுங்கள். அட்மிஷன் ஆபீஸில் உடனே காபி வரும், பதில் வராது.