பீட்ரூட் ரவிக்கை

கே: பீட்ரூட்டில் சாயமேற்றி, கண் எரிய எரியக் கையாலேயே தைத்த ரவிக்கை ஒரே துவையலில் வெளுத்துவிட்டது. மஞ்சளில் முக்கியதோ சோப்பு பட்டதும் சிவக்கிறது. என்னதான் செய்வது?
– ஒரு வாசகி, விம்கோ நகர்

ப: பீட்ரூட்டைப் பொரியலுக்கே விட்டுவிடுங்கள், அது துணியில் தங்காது. மஞ்சள் சிவப்பது வெட்கத்தால் அல்ல, சோப்பில் உள்ள காரத்தால். வெயிலிலும் அது வெளுக்கும்.

சாயம் நிலைக்கும் வித்தையைப் பழையவர்களிடம் கேட்போம். உங்கள் பக்கத்துக் காலடிப்பேட்டையே, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் நெசவாளர்களுக்காக எழுந்த பேட்டைதான். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்போ மணல் மண்ணில் விளைந்த சாயவேரின் கைவண்ணம். அந்தச் சாயத்தை ஏற்றியவர்கள் யாரும் நேராகச் சாயத்துக்குப் போகவில்லை.

பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசிக் கடுக்காய் நீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். அடுத்து படிகார நீர். அதற்குப் பிறகுதான் சாயப் பானை. கறுப்பு வேண்டுமா? துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போடுங்கள். கடுக்காய் ஏறிய துணி அதில் பட்டதும் கறுக்கும். விம்கோ நகரில் துருவுக்கா பஞ்சம்? கடற்காற்று வீட்டு வாசலுக்கே சப்ளை செய்கிறதே!

தைக்கப் பருத்தி நூலையே எடுத்து, துணியோடு சேர்த்துச் சாயத்தில் போடுங்கள். பாலியஸ்டர் நூல் சாயத்தைச் சட்டை செய்யாது. தையலுக்குத் தையல் வெள்ளையாகப் பல்லைக் காட்டும்.