ஏலம் போன ஆகாயம்

சிதம்பரத்தில் ஆகாயம்தான் சாமி. திரையை விலக்கினால் தங்க வில்வமாலை, அதற்கப்பால் வெறுவெளி. கும்பிட்டுவிட்டு வரலாம், காசு உங்கள் இஷ்டம். அதே ஆகாயத்தை டெல்லிக்காரர்கள் 2022-இல் அலைவரிசை அலைவரிசையாக நறுக்கி, ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டார்கள். எடுத்தவர்கள் நம்மிடம் தட்டை நீட்டுகிறார்கள், அதுவும் 28 நாளுக்கு ஒருமுறை. வருஷத்துக்குப் பதின்மூன்று மாசம் என்று பஞ்சாங்கத்தையே திருத்திய மகான்கள்!

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் போன் வாங்க நிற்கிறவரிடம் கடைப் பையன் என்ன சொல்வான்? "ஐம்பது மெகாபிக்ஸல்ணே, வட்டியில்லாத் தவணை." "தம்பி, கிள்ளையில எங்க வீட்டுக்குள்ள டவர் எடுக்குமா?" "செல்ஃபி சும்மா அள்ளும்ணே." அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அட்டைப்பெட்டியும் அதைத்தான் சொல்கிறது. எந்தெந்த அலைவரிசையை அந்தப் போன் பிடிக்கும் என்பதைத் தேடக் கண்ணாடி வேண்டும். சுவர் தாண்டி வருவதில் கெட்டிக்காரன் 700 மெகாஹெர்ட்ஸ். அந்த ஏலத்தில் அதை எடுத்தது ஜியோ மட்டும். உங்கள் போன் அதைப் பிடிக்காது என்றால் அந்த ஏலம் உங்களுக்காக நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டவர் எடுக்கவில்லை என்று புகார் சொன்னால் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி: "என்ன மாடல் போன் சார்?"

சரி, நல்ல போனாகவே வாங்கினோம். 2018 பிப்ரவரியில் என்ன ஆயிற்று? சூப்பர் கிங்ஸ் வீரர்களின் நெஞ்சில் பெயர் எழுதிய ஏர்செல் தமிழ்நாடு முழுக்கப் படுத்துக்கொண்டது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போனும் அரை லட்ச ரூபாய் போனும் ஒரே நாளில் டார்ச் லைட் ஆயின. வேறு கம்பெனிக்கு மாறலாமே? மாறலாம், 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீடு வாங்க வேண்டும். எந்த நெட்வொர்க்கிலிருந்து? செத்த நெட்வொர்க்கிலிருந்து! இந்த விதியை எழுதியவர் ஏசி அறையில்தான் உட்கார்ந்திருந்திருப்பார், சிக்னலும் முழுசாக இருந்திருக்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் கருணை காட்டியிருக்கிறது. 2024 விதிப்படி, எங்கெங்கே சேவை உண்டு என்று கம்பெனிகள் வரைபடம் போட வேண்டும். பரீட்சைத் தாளை மாணவனே திருத்துகிற ஏற்பாடு. இன்னொன்றும் உண்டு: ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் பிரீபெய்டுகாரருக்கு நாள் நீட்டிப்பு, போஸ்ட்பெய்டுகாரருக்குக் கட்டணக் கழிவு. கைதட்டுவதற்குள் அடுத்த வரியைப் படித்துவிடுங்கள். இயற்கைப் பேரிடர் என்றால் கிடையாது.

கடலூர்க்காரனுக்கு இந்த விதிவிலக்கைப் படித்துக்காட்டுங்கள் பார்ப்போம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலின்போது சாத்தனூர் அணையில் நொடிக்கு ஒன்றே முக்கால் லட்சம் கனஅடிக்குக் கொஞ்சம் குறைவாகத் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்குத்தான் வந்தது. மொட்டைமாடியில் நிற்கிறவனுக்குப் போன் எதற்கு? ரீல்ஸ் பார்க்கவா? கரண்ட் போனால் டவருக்கு பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் டீசல். கழுத்தளவுத் தண்ணீரில் டீசல் கேனை யார் சுமப்பது, எத்தனை மணி நேரத்துக்கு அது இருப்பில் இருக்க வேண்டும் என்று ஏலத்தில் கேட்டிருக்க வேண்டாமா? ஒன்றரை லட்சம் கோடி வாங்கியவர்களுக்கு அதைக் கேட்க வாயில்லை. கம்பெனியோ நம்மைத்தான் கேட்கிறது, என்ன மாடல் போன் என்று.