என்ஜினுக்குத் திருப்பள்ளியெழுச்சி

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பழைய பலாமரத்தைக் காட்டுவார்கள். பகைவரான எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் புகுந்து தப்பினார் என்பது கதை. வீரம், சூழ்ச்சி, தெய்வ கடாட்சம் என்று அந்தக் கதையை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்து முடித்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அவர் கிளம்பிய வேகம். ஆள் வருகிறான் என்றதும் ஓட்டம். சோக் இழுக்கவில்லை, ஹேண்டில் போட்டுச் சுற்றவில்லை, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளவில்லை. திருவிதாங்கூர் சரித்திரத்தில் முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது அநேகமாக அது ஒன்றுதான்.

பிறகு அவர் ராஜாவானார், பகையை முடித்தார், 1750-ல் நாட்டை அப்படியே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டுத் தன்னை அவருடைய தாசன் என்று சொல்லிக்கொண்டார். சுவாமியோ அனந்தன்மேல் பள்ளிகொண்டிருப்பவர். முதலாளியே படுத்திருக்கிற நாட்டில், அவருடைய பஸ் மட்டும் விடியற்காலையில் துள்ளி எழ வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

அந்தச் சர்க்கார் பஸ் 1938-ல் வந்தது. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலம். லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த சால்ட்டர் துரையை முந்தின வருஷமே வரவழைத்துவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிஸ், அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின், மேலே உள்ளூரில் கட்டிய மரச்சட்ட பாடி. பிப்ரவரி 20-ம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா குடும்பத்தோடு ஏறி உட்கார, ஸ்டியரிங்கை சால்ட்டரே பிடித்தார். பின்னால் இன்னும் 33 பஸ்கள் கவடியாரை நோக்கி ஊர்வலம் போயின. ராஜா பெயர் பதிவில் இருக்கிறது, துரை பெயர் இருக்கிறது, என்ஜின் கம்பெனியின் பெயர்கூட இருக்கிறது. அன்றைக்கு 34 டீசல் என்ஜின்களையும் முன்கூட்டியே எழுப்பி, இருமவிட்டு, சூடாக்கி வரிசையில் நிறுத்தியவன் பெயர் இல்லை. யாரோ கிளீனர் பையன்களாகத்தான் இருக்கும். வண்டி கிளம்பும்போது கையசைத்தவனைத்தான் சரித்திரத்துக்குத் தெரியும்.

இத்தனைக்கும் இது குளிர்ப்பிரதேசம் இல்லை. திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரோட்டில் அமரவிளை தாண்டி, உதியன்குளங்கரையில் உள்ளே திரும்பினால் தனுவச்சபுரம். இங்கே குளிர் என்றால் தனு மாசத்து விடியலில் தலையில் ஒரு துண்டு, கையில் ஒரு கட்டன் சாயா. வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் பழைய டீசல் என்ஜினுக்கு அது போதும், முறுக்கிக்கொள்ள. டீசலில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நசுக்குகிற நசுக்கலில் எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டை இரும்பே குடித்துவிடும். எண்ணெய்க்கு மிஞ்சுவது வெள்ளைப் புகை, டிரைவருக்கு மிஞ்சுவது கெட்ட வார்த்தை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் இந்தப் பிரச்சினை மறந்துபோயிற்று. அதைவிடப் பெரிய பிரச்சினை வந்துவிட்டது.

பெட்ரோலுக்கு ரேஷன். ஓடுகிற பெட்ரோல் வண்டிகள் பலவும் கரி வண்டியாயின. சால்ட்டரின் டீசல்களுக்கு இந்தக் கதி வராது. தீப்பொறி இல்லாத என்ஜின் வெறும் கரிவாயுவில் பற்றாது. சிக்கியவை பெட்ரோல் பஸ்கள்தான். பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதில் மரக்கரியை நிரப்பித் தீ வைத்து, காற்றை அளந்து விட்டு, அரைகுறையாக எரியவிட வேண்டும். முழுசாக எரிந்தால் சாம்பல். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத அந்த விஷம்தான் என்ஜினுக்குச் சாப்பாடு. அந்த விஷத் தொட்டிக்கு ஒரு முழம் முன்னால், பலகையில், டிக்கெட் வாங்கிய மாமிமார் கூடையும் குழந்தையுமாக உட்கார்ந்து போனார்கள். போர்முனைக்குப் போனவர்களுக்கு மெடல் கொடுத்த சர்க்கார் இவர்களை மறந்தது அநியாயம்.

அந்தக் காலத்துப் புறப்பாடு எப்படி இருந்திருக்கும்? பாறசாலைப் பக்கம் ஏதோ ஒரு முக்கு. இன்னும் இருட்டு. கிளீனர் பையன் உருளைக்கு அடியில் இருக்கும் ஊதுபொறியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். கால் மணி, அரை மணி. முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை.

“லே மக்கா, கரி பிடிச்சாச்சா?”

“இல்ல அண்ணாச்சி. நேத்து மழையில நனைஞ்ச கரியாக்கும். புகைஞ்சிட்டே கெடக்கு.”

“மக்களே, வண்டி எப்பம் போவும்?” என்று உள்ளிருந்து ஒரு பாட்டி.

“அது கரிகிட்டதான் கேக்கணும் பாட்டி.”

குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். வாயு நின்று நிதானமாக எரிந்தால் சாப்பாடு தயார். பொக்கென்று அணைந்தால் மறுபடி சுற்று. தயாரானதும் முன்பக்கம் ஓடி, ஹேண்டில் போட்டு என்ஜினைச் சுற்ற வேண்டும். அதையும் அதே பையன்தான். எதிர் உதை உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அப்படியும் ஓடத் தொடங்கிய வண்டிக்குப் பெட்ரோலில் ஓடும்போது இருந்த பலத்தில் பெரிய பங்கு கிடையாது. ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கி நடப்பார்கள், இன்னும் செங்குத்தாக இருந்தால் தள்ளுவார்கள். பயணச்சீட்டு என்பது பஸ்ஸைத் தள்ளுவதற்கான அனுமதிச்சீட்டாக இருந்த காலம் அது. போகிற வழியில் கரி அடைத்துக்கொண்டால் நீளக் கம்பியை விட்டுக் குத்திக் கிளற வேண்டும், சாம்பல் வடிகட்டியைத் தட்ட வேண்டும். டிரைவர் அதற்குள் ஒரு சாயா குடித்துவிடுவார்.

இங்கே கரியடுப்பு புகைந்துகொண்டிருந்த அதே 1941 டிசம்பரில், மாஸ்கோ வாசலில் ஹிட்லரின் படை உறைந்து நின்றது. கம்பளிக் கோட்டே ஒழுங்காக எடுத்து வராத ராணுவம் என்ஜினுக்கா போர்வை எடுத்து வரும்? ஐரோப்பாவையே மிதித்து வந்த டாங்கிகளின் வயிற்றுக்கு அடியில் தீ மூட்டிக் காய்ச்சினார்கள். ஆரிய குலத்தின் மேன்மையை நிலைநாட்டப் புறப்பட்டவர்கள் பனியில் மண்டியிட்டுக் கிளீனர் வேலை பார்த்தார்கள். நம்ம பையனைக் கூட்டிப் போயிருந்தால் கொஞ்சம் சொல்லிக் கொடுத்திருப்பான். நல்லவேளை, யாருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பையனின் வேலைக்கு உலை வைத்தவர் அமெரிக்காவில் வடக்கு டகோடாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊர்க்காரர், ஆண்ட்ரூ ஃப்ரீமன். மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்து மேலாளர். குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 30-ஐத் தொடுவதும் உண்டு. என்ஜின் தலையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உள்ளே சூடேற்றும் கம்பி வைத்த போல்ட்டைப் பூட்டினால் என்ன என்று யோசித்தார். இரவெல்லாம் கரண்ட்டில் போட்டால் காலையில் என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும். 1949-ல் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடிப்பின் அழகு எங்கே என்றால், கரண்ட் விற்கிறவர் தூங்குகிற காருக்கும் கரண்ட் விற்க வழி கண்டுபிடித்தார். 

நம் பக்கத்திலும் அமெரிக்க யோசனை ஒன்று ஓடிக்கொண்டிருந்த சமயம்தான். சி.பி. 1946-ல் திருவிதாங்கூருக்கு அமெரிக்க மாடல் அரசியலமைப்பு என்று ஒன்றைக் காட்டினார். அதை அரபிக்கடலில் போடு என்று ஜனங்கள் கோஷம் போட்டார்கள். எதிர்த்துக் கிளர்ந்த புன்னப்புரை–வயலாரில் ரத்தம் ஓடியது. அடுத்த வருஷம் தனிநாடு என்று அறிவித்துப் பார்த்தார். ஜூலையில் இசைவிழா மேடையருகே வெட்டு வாங்கியதும் ஊரைவிட்டே கிளம்பினார். மார்த்தாண்ட வர்மாவுக்குப் பிறகு அவ்வளவு வேகமாக ஸ்டார்ட் ஆன இரண்டாவது ஆள். ஃப்ரீமனுக்குக் காப்புரிமை கிடைத்த 1949-ல் திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்துவிட்டது.

குளிரில் என்ஜின் என்கிற பாடத்தைத் தமிழன் நேரில் படித்தது அதற்கும் முந்தின வருஷம், காஷ்மீர்ப் போரில். பதினோராயிரம் அடிக்கும் மேலே இருக்கும் சோஜி லா கணவாய்க்கு ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றலாம் என்று ஜெனரல் திம்மய்யா முடிவு செய்தார். கோவேறு கழுதை போகிற பாதையை டாங்கி போகிற பாதையாக வெட்டிக் கொடுத்தது மேஜர் தங்கராஜுவின் மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படை. 1948 நவம்பர் 1-ம் தேதி டாங்கிகள் கணவாயை உடைத்துக்கொண்டு போயின. அந்த உயரத்தில் டாங்கியைப் பார்த்த எதிராளிக்குத் தன் கண்ணையே நம்ப முடிந்திருக்காது. சரியாக எட்டு வருஷம் கழித்து, அதே நவம்பர் 1-ல், கன்னியாகுமரி மாவட்டம் மதராஸுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது, களியக்காவிளையில் எல்லை விழுந்தது. பஸ் என்ஜினுக்கு மட்டும் எந்த மாநிலத்துக் குளிர் தனக்குப் பொருந்தும் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் தள்ளித்தான் எடுத்தார்கள்.

அந்தக் கணவாய்க்கு அப்பால், லடாக்கில், பிரச்சினை என்ஜினோடு நிற்காது. சாதா டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் உறைந்து குழாயை அடைக்கும். லாரி டிரைவர்கள் டீசல் டாங்குக்கு அடியிலேயே தீ மூட்டி இளக்குவார்கள். படிக்கும்போதே வயிறு கலங்குகிறதல்லவா? 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே விற்கத் தொடங்கியது. அதற்குள் சந்திரனுக்கு இரண்டு தடவை ராக்கெட் விட்டாயிற்று.

இப்போது தனுவச்சபுரத்துக்கு. இங்கே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எல்லைக் கிராமங்களில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை வளைகுடாவுக்குப் போயிற்று. அங்கே என்ஜினுக்கு வேர்வை. அடுத்த தலைமுறை கனடா என்கிறது. டொராண்டோவில் தமிழர் கூட்டம் அதிகம், ஆனால் குளிர் அவ்வளவு கொடூரம் இல்லை. என்ஜின் ஹீட்டர் இல்லாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. வின்னிபெக், சஸ்கடூன், எட்மன்டன் என்று மேற்கே போனால்தான் கார் நிறுத்துமிடத்திலேயே பிளக் பாயிண்ட் கம்பம் நடப்பட்டிருக்கும். மூஞ்சியிலிருந்து வயர் தொங்குகிற காரைக் கண்டு நம்ம பையன் இது எலெக்ட்ரிக் கார் என்று நினைத்தால் சிரிக்கக் கூடாது.

அவனுக்காகச் சில வார்த்தை. ஃப்ரீமனின் போல்ட்டை இப்போது யாரும் தேடுவதில்லை. என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கிண்ணம்போல அடித்து இறக்கியிருக்கும் கோர் பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கே ஹீட்டரைப் பொருத்துவதுதான் நல்லது. தண்ணீர் உறைந்தால் பிளாக்கைக் காப்பாற்றவே அந்த மூடி என்று பட்டறைக்குப் பட்டறை சத்தியம் செய்வார்கள். உண்மையில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே தங்கிய மணலை வெளியேற்ற விட்ட ஓட்டைக்கு அடைப்பு அது. சிறிய காருக்கு 400 வாட் போதும், பெரிய லாரிக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். அந்தந்த என்ஜினுக்கென்றே செய்ததை வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் சரியாகப் பொருந்தாது. ஆயில் பானில் காந்தத்தால் ஒட்டுகிற ஹீட்டர் மலிவு, வசதி. ஆனால் பான் அலுமினியம் என்றால் காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்து உங்களையே பார்க்கும்.

பூட்டுவதில் அதிகம் தப்பு நடக்கிற இடம் ஒன்று உண்டு. கூலன்ட்டை வடித்து, கோர் பிளக்கின் ஓரத்தில் தட்டித் திருப்பி இழுத்து, துளையை உப்புத்தாள் போட்டுத் துடைத்து, ரப்பர் வளையத்தில் கூலன்ட் தடவி ஹீட்டரை உள்ளே விட வேண்டும். சூடேற்றும் கம்பி உள்ளே இரும்பில் உரசக் கூடாது. பிறகு கூலன்ட்டை நிரப்பி, என்ஜினை ஓடவிட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாமல் சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பிளக்கைச் சொருகினால், தண்ணீர் தொடாத கம்பி நிமிஷத்தில் கருகிவிடும். வயரை எக்ஸாஸ்ட் பக்கம் போகவிடாமல் கட்டுங்கள். இரவு முழுக்கப் போட வேண்டாம். டைமர் வைத்து, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஓடினால் போதும். மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் வேறு மாதிரி சொல்லலாம்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆபத்து. காலையில் என்ஜின் ஒரே அடியில் எழுந்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் வயரைப் பிடுங்க மறந்து வண்டியை எடுப்பவர்கள் அந்த ஊரில் ஏராளம். கம்பத்திலிருந்து பாதி வயர், காரின் மூக்கிலிருந்து பாதி வயர். அதனால் வயரைப் பக்கக் கண்ணாடியில் சுற்றி, கண்ணுக்கு எதிரே தொங்கவிடுகிறார்கள். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி “போலாம் ரைட்” சொல்ல ஆள் இருந்தால் வயர் தப்பிக்கும். அந்த வேலைக்கு அங்கே இன்னும் மெஷின் வரவில்லை. மணிக்கு இத்தனை டாலர் என்று பேசிக்கொண்டு போக விருப்பமுள்ள கிளீனர்கள் இங்கே உண்டு.