நம்பியார் என்னும் ரசிகர்

தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களைப் பங்கு போட்டபோது சங்கரன்கோவிலுக்கு நிலம் போனது. தாருகாபுரத்துக்கு நீர், கரிவலம்வந்தநல்லூருக்கு நெருப்பு, தென்மலைக்குக் காற்று. உருப்படியானதையெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போன பிறகு தேவதானத்துக்கு மிஞ்சியது ஆகாயம். பட்டா வாங்க முடியாத சொத்து.

அந்த ஆகாயத்துக்குக் காவலாக நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. பொறாமை பிடித்த சோழன் ஒருவன் நஞ்சு தோய்த்த ஆடையைப் பாண்டியனுக்குப் பரிசாக அனுப்ப, ஈசன் குறுக்கே புகுந்து காப்பாற்றினார் என்பது தலபுராணம். இதே சரக்கு ஒரு வெள்ளைக்காரன் கையில் கிடைத்திருந்தால் ரசாயன ஆயுதம், உளவுத்துறை, மாற்று மருந்து என்று நானூறு பக்கம் ஓட்டியிருப்பான். நாம் கோயிலைக் கட்டி, சுண்டலோடு முடித்துக்கொண்டோம்.

இப்படிப்பட்ட மண்ணில் விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள் முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எண்பதுகளில் டீக்கடை பெஞ்சில் இரண்டு கோஷ்டி. ஒன்று சுஜாதா கோஷ்டி. ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' வந்துகொண்டிருந்த காலம். ஒரே இதழ் தெருவெல்லாம் சுற்றி, அட்டை கழன்று, கடைசியில் வடை மடிக்கப் போகும். அந்தக் கதையின் எதிர்கால நாட்டில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்: நிலா, சிபி, ரவி, ஜீவா. தெருவுக்கு ஒரு நச்சாடைலிங்கம் இருக்கும் ஊரில் இது லேசான பீதியைக் கிளப்பியது. அந்த சர்க்கார் வந்தால் ரேஷன் கார்டில் என்ன எழுதுவார்கள்? 'நச்' என்றா?

கதையின் நாயகனான ஜீனோ என்ற இயந்திர நாய்க்கும் எங்கள் பக்கம் முழு மரியாதை கிடைக்கவில்லை. ஜீனோ புத்தகம் படிக்கும், நியாயம் பேசும், மனிதர்களுக்கு யோசனை சொல்லும். ராஜபாளையம் நாய்க்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. வெள்ளையாக, கம்பீரமாக நிற்கும். அதில் சிலவற்றுக்குக் காதே கேட்காது. ஆனால் 2005-இல் இந்திய தபால் தலையில் வந்தது யார்? ஜீனோ இல்லை.

இன்னொன்று டேப்ரெக்கார்டர் கோஷ்டி. ராஜபாளையம் போய் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, அறுபதா தொண்ணூறா என்ற கேள்விக்குப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு "அறுபதே போதும்ணே" என்று சொல்லிவிட்டு வருபவர்கள். 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தபோது, பாட்டே இல்லாத கேசட்டுக்கா காசு கொடுத்தாய் என்று வீட்டில் உதை வாங்கியவர்களும் இவர்கள்தான். சாக்ஸபோன் ஊதினால் ஜாஸ், ஊதாவிட்டால் ஜாஸ் இல்லை என்பது இவர்கள் வகுத்த இலக்கணம். தமிழ் சினிமாவும் இந்த இலக்கணத்துக்கு உரம் போட்டது. நாதஸ்வரம் கேட்டால் கல்யாணம். சாக்ஸபோன் கேட்டால் வில்லனுடைய இடம், கண்ணாடித் தம்ளர், எல்.ஆர்.ஈஸ்வரி. ஆக, ஜாஸ் ரசிகன் என்று ஊரில் வெளியே சொல்லிக்கொள்வது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம்.

இந்த இரண்டு கோஷ்டியும் எப்படி ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டன? இவர்கள் பேச்சை ஊரில் வேறு யாரும் கேட்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான். உலகமெங்கும் ஜாஸ்காரர்களும் விஞ்ஞானக் கதைக்காரர்களும் கூட்டாளிகளாகத் திரிவதற்கு இதைவிட ஆழமான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நட்புக்கு அமெரிக்காக்காரன் ஆதிபிதாவாகக் காட்டுவது சன் ரா என்ற பியானோக்காரரை. 1914-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். கேட்டால் சனி கிரகத்திலிருந்து வருகிறேன் என்பார். பளபளக்கும் அங்கி, தலையில் எகிப்து கிரீடம். 1974-இல் வந்த 'ஸ்பேஸ் இஸ் தி பிளேஸ்' என்ற படத்தில், கறுப்பின மக்களை இசையின் பலத்தால் வேறொரு கிரகத்துக்குக் குடியேற்றப் பார்க்கிறார். அதைப் பற்றி இன்றுவரை ஆராய்ச்சி எழுதுகிறார்கள்.

"அண்ணாச்சி, சனியிலிருந்து வந்தேன்னு சொல்றவருக்கு அங்கே விழா எடுக்கான். இங்கே சொன்னா, ஏழரை நடக்குது போலன்னு திருநள்ளாறுக்கு பஸ் ஏத்தி விட்டுருவான்" என்பது பெஞ்சின் தீர்ப்பு. தீர்ப்பு சரிதான். ஆனால் வழக்கின் முக்கியமான ஆவணத்தை யாரும் தாக்கல் செய்யவில்லை. அந்த ஆவணத்தின் பெயர் 'கலை அரசி'.

1963. ஏ.காசிலிங்கம் இயக்கம், கே.வி.மகாதேவன் இசை. எங்கோ ஒரு கிரகம். விஞ்ஞானத்தில் ஏகத்துக்கு முன்னேறிவிட்டது, பாட்டு, நாட்டியம் என்றால் பூஜ்யம். அதாவது நம்மூர் பொறியியல் கல்லூரி மாதிரி. கிரகத்துக்கே இது ஒரு குறையாகப் படுகிறது. குறையைத் தீர்க்கப் பறக்கும் தட்டில் ஒருவர் பூமிக்கு வருகிறார். யார்? எம்.என்.நம்பியார்! பூமியில் வந்து இறங்கிய வேற்றுக்கிரகவாசி பெட்ரோல் கேட்கவில்லை, தங்கம் கேட்கவில்லை, ராணுவ ரகசியம் கேட்கவில்லை. நல்ல பாட்டுக்காரி வேண்டும் என்கிறார். ஹாலிவுட்டில் அதே காலத்தில் இறங்கியவர்கள் எல்லாம் ஊரைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆள் கச்சேரி ஏற்பாட்டாளராக வந்தார்.

அவர் தேர்ந்தெடுத்தது பானுமதியை. கேட்டுக் கூப்பிட்டால் பானுமதி வருவாரா, அவர் குணம் கோடம்பாக்கத்துக்கே தெரியும். எனவே தூக்கிக்கொண்டு போனார். பின்னாலேயே காதலனாகிய எம்.ஜி.ஆரும் அந்தக் கிரகத்துக்குப் போய்ச் சேர்கிறார். அங்கே அவரைப் போலவே ஒரு கோமாளி. எத்தனை கோடி மைல் போனாலும் இரட்டை வேடம் விடாது. கிரகத்தில் எல்லாரும் தமிழில் பேசுகிறார்கள், அதுவும் சுத்தத் தமிழில். 1963-இல் சென்னைத் தலைமைச் செயலகத்தில்கூட இந்த அளவுக்குத் தமிழ் நடமாடவில்லை.

படம் வெளியானது ஏப்ரலில். சோவியத்தின் வாலெந்தினா தெரெஷ்கோவா, விண்வெளிக்குப் போன முதல் பெண் என்று பெயர் வாங்கியது ஜூன் 16-ஆம் தேதி. இரண்டு மாதம் முந்திக்கொண்டவர் பானுமதி. பதிவேட்டில்தான் ஏறவில்லை.

அந்த வருஷமே ஒரு மாதிரியான வருஷம். இலையுதிர் காலத்தில் அமெரிக்க அரசு டியூக் எலிங்டனையும் அவர் ஜாஸ் குழுவையும் இந்தியாவுக்கு அனுப்பி வைத்தது. ரஷ்யாக்காரன் ராக்கெட் காட்டினால் நாங்கள் ட்ரம்பெட் காட்டுகிறோம் என்ற கணக்கு. டெல்லியில் ஒரு மைனா கத்தியது அவர்களுக்குப் பிடித்துப்போய், அதையும் பின்னால் 'ஃபார் ஈஸ்ட் சூட்' தொகுப்பில் ஒரு உருப்படியாகச் சேர்த்துக்கொண்டார்கள். நம்பியார் பாட்டுக்காரியைத் தூக்கினார். எலிங்டன் குழு மைனாவின் மெட்டோடு விட்டது. நாகரிகம் என்று பார்த்தால் எலிங்டன் பக்கம்தான் நியாயம்.

நவம்பர் 21-ஆம் தேதி, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளக் கரையில், தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது, ஆபீஸ் மேரி மக்தலேனா தேவாலயம். மறுநாள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட, துருக்கியில் இருந்த எலிங்டனின் சுற்றுப்பயணம் பாதியில் ரத்தானது. ஜாஸும் விண்வெளியும் ஒரே வருஷத்தில் நம் பக்கம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயின. இரண்டையும் சேர்த்து ஒரு படமாக எடுத்துவைத்தவர்கள் மட்டும் டூரிங் டாக்கீஸில் ஓட்டி, மறந்தும் போனார்கள்.

இந்தத் துறையில் நமக்கு அதற்கு முன்பே அனுபவம் உண்டு. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து 'காடு' எடுத்தது. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. அழிந்துபோன மாமூத்துகள் திரும்பி வருகின்றன என்பது கதை. மாமூத்துக்கு எங்கே போவது? யானைக்கு ரோமம் ஒட்டிவிட்டார்கள். சேலத்து வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடித்த அந்த யானைகள்தான் தமிழ் விஞ்ஞானப் படங்களின் முதல் தியாகிகள். டைட்டிலில் பெயர் போட்டார்களா என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

ஜாஸ் பக்கமும் நாம் வெறுங்கையோடு இல்லை. 1970-களில் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராம் கடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அமெரிக்க ஜாஸ் ரசிகன் மின்சார கிடாருக்கு எழுந்து நின்று ஆடிப் பழகியவன். ஒரு மனிதர் சட்டி ஒன்றை வயிற்றோடு அணைத்துத் தட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். கடம் என்றால் மானாமதுரை. வைகைக் கரைக் களிமண்ணுக்கு நியூயார்க்கில் கைதட்டல்! டேப்ரெக்கார்டர் கோஷ்டி இந்தச் செய்தியை மூன்று வருஷம் வைத்து டீ குடித்தது.

இனி நாசா விஷயம். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் தங்க இசைத்தட்டு வைத்து அனுப்பினார்கள். வேற்றுக்கிரகத்தார் யாராவது எடுத்தால் கேட்டு ரசிக்கட்டும் என்று. அதில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஜாஸ் உண்டு, கேசர்பாய் கேர்கரின் பைரவி உண்டு. அதாவது, அந்தப் பக்கத்து ஆசாமிகளுக்கு நம்மிடம் வேண்டியது பாட்டுதான் என்ற முடிவுக்கு நாசா வந்து சேர்ந்தது. நம்பியார் பதினாலு வருஷம் முன்னால் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போன விஷயம்.

அந்தத் தட்டில் 55 மொழிகளில் வணக்கமும் உண்டு. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகப் பக்கம் கையில் கிடைத்தவர்களைப் பிடித்துப் பேசவைத்தார்களாம். அன்றைக்கு நம் ஆள் எவரும் கையில் சிக்கவில்லை. வேற்றுக்கிரகத்திலேயே தமிழை ஆட்சிமொழியாக்கி வைத்திருந்தவர்களுக்கு இந்த மரியாதை.

ஆகவே நாளைக்கு யாராவது வந்து இறங்கினால் தெலுங்கில் பேச வாய்ப்பு உண்டு. தேவதானத்துக்காரர்கள் பதற வேண்டாம். பஸ் ஏறினால் ராஜபாளையம். ராஜாக்கள் வீட்டுப் பேச்சு தெலுங்குதான், யாராவது ஒரு பெரியவரை அழைத்து வந்து மொழிபெயர்க்கச் சொல்லலாம். பானுமதியும் ஓங்கோல் பக்கத்துக்காரர்தானே. நம்பியாருக்கு எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது.

அதற்குள் 'கலை அரசி'யை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது நம்பியாரை மட்டும் திட்டாதீர்கள். நல்ல பாட்டுக்காக அவ்வளவு தூரம் சொந்தச் செலவில் வந்த ரசிகர் தமிழ் சினிமாவில் அவர் ஒருவர்தான்.