உரிய காலத்தின் அதிபதிகளுக்கு

பெறுநர்: மனுக்களுக்குத் தீர்வு அருளும் மேன்மைதங்கிய அலுவலகம்
பொருள்: முடித்துவைக்கப்பட்ட மனுவுக்கு நன்றி நவிலல் – தொடர்பாக

ஐயா,

தங்கள் குறுஞ்செய்தி விருதுநகர் மனுதாரருக்குக் கிடைத்தது. கௌசிகா நதியில் சாக்கடை கலப்பது குறித்த அவரது மனு முடிக்கப்பட்டுவிட்டதாம். உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்கப்படுமாம். அப்போது அவர் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கீழே, தீர்வு காணப்பட்ட மனு கறுப்பாக நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது.

மனுதாரர் சிவகாசி அச்சகம் ஒன்றில் தினசரி காலண்டர் அடிப்பவர். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உரிய காலம் எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் பிடிபடவில்லை. தாங்கள் சொன்னால் அடுத்த ஆண்டுத் தாளில், சூலத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் அடித்துத் தருவார்.

தங்கள் நிர்வாகம் போற்றத்தக்கது. தண்ணீருக்கு ஒரு கோப்பு, உரத்துக்கு ஒன்று, புகைக்கு ஒன்று. ஒன்றின் மேல் இன்னொன்று படுவதே இல்லை. அரசாணை படிக்காத ஆறுதான் எல்லாவற்றையும் கலந்து குல்லூர்சந்தை அணைக்குக் கொண்டுபோகிறது. அங்கே கழிவிலிருக்கும் நைட்ரஜனைத் தின்று ஆகாயத்தாமரை கொழிக்கிறது.

அந்த நைட்ரஜன் உரத்திலும் இருக்கிறது. 1909-ல் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார்; 1913-ல் ஜெர்மனியில் அதற்கு ஆலையே வந்தது. அதன் பேரன்தான் இன்று 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும் 45 கிலோ யூரியா மூட்டை. அதில் பாதியைப் பயிர் எடுத்துக்கொண்டாலே பெரிது. மிச்சத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்குகிறது. சாக்கடையிலிருந்து வருவதும் அங்கேதான் சேர்கிறது.

பழி என்னவோ பட்டாசுக்கு. வெடியுப்பிலிருக்கும் நைட்ரஜன் வெடித்ததும் பெரும்பாலும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது (கந்தகப் புகையும் உலோகத் தூளும் தனி வழக்கு). 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசும் நேரம் குறித்தது. ஆக, மணி பார்க்கத் தெரியாதவர்கள் இல்லை தாங்கள்! சாக்கடைக்கு மட்டும் உரிய காலம்.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகளில் 37 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருக்கிறது. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பிள்ளைக்குப் பால்பொடி கரைக்க மனுதாரரின் தெருவில் தாய்மார்கள் போர்வெல் தண்ணீரை நன்றாகக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு ஏறும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அது அளவு மீறினால் இரத்தம் போதிய ஆக்ஸிஜனைச் சுமக்காது, உடம்பு நீலம் பாரிக்கும். இதை ஒருவர்கூட அந்தத் தெருவில் வந்து சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறீர்களே, எதற்கு?

மன்னிக்கவும், மனுதாரருக்கு ராகு காலம் நடக்கிறது. தங்கள் பொற்பாதங்களுக்கு வணக்கம்.

புகைக் கோப்பிலுள்ள கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போடுகிறவரின் புகை எல்லார் கண்ணிலும் படுகிறது. அந்த மரம் சில ஆண்டுகளில் காற்றிலிருந்து எடுத்ததுதான் திரும்பிப் போகிறது. பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் அப்படியல்ல. சிமெண்ட் சூளையில் வேகும் 100 கிலோ தூய கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு கிளம்புகிறது. யுகயுகமாகக் கல்லுக்குள் கிடந்தது அது. முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதனால் சூடேறிய காற்று ஈரத்தைக் கூடுதலாகச் சுமக்கிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்ததே, விருதுநகர் மாவட்டத்துக்குச் சராசரியாக ஓர் ஆண்டு முழுக்கக்கூட அவ்வளவு கிடைப்பதில்லை. மழைகூடக் காலண்டர் பார்ப்பதை விட்டுவிட்டது. தங்களைப் பார்த்துக் கற்றதோ என்னவோ.

மனுதாரர் கேட்பது சிறிய காரியம். கௌசிகா கரையோரத்துப் போர்வெல்களின் தண்ணீரைச் சோதித்து, நைட்ரேட் எவ்வளவு என்று தெருமுனையில் தேதியோடு எழுதிப் போடுங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு அதற்கு முன்பே வேறு தண்ணீர் அனுப்புங்கள்.