முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்! – கேள்வி பதில்

கே: டிஹெச்சிபி ஐபி தரவில்லை. சர்வரை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டேன். அடுத்து?

ப: நான்காவது முறை செய்யாதீர்கள்! ரீஸ்டார்ட் மருந்தல்ல என்று இந்தப் பகுதியில் நான் சொல்லாத மாதமில்லை. டிசிபிடம்ப்பை ஓடவிட்டு 67, 68 போர்ட்டுகளைக் கவனியுங்கள். அங்கே நடப்பது நான்கே பேச்சு: டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக். டிஸ்கவரே வரவில்லையா? கேபிளையும் ஸ்விட்சையும் ஃபயர்வாலையும் பாருங்கள். டிஸ்கவர் வந்தும் ஆஃபர் போகவில்லையா? அந்த சப்நெட்டுக்கு ரேஞ்ச் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு இடத்திலிருந்து ஆஃபர் வருகிறதா? யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து ஆபீஸ் ஸ்விட்சில் சொருகியிருக்கிறார். போய்ப் பிடுங்குங்கள்.

கே: ஐபியை மாற்றினால் இன்டர்நெட் வேகமாகுமா?

ப: ஆகாது.

கே: என் லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் ஐபி வருகிறது. வைரஸா?

ப: இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தும் யாரும் பதில் சொல்லாததால் அது தனக்குத் தானே வைத்துக்கொண்ட முகவரி. மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கே: பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி சர்வர் எங்கள் ஆபீசில் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ப: ஆமாம். 2022-லேயே அதன் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். இனி ஓட்டை தெரிந்தாலும் அடைக்க ஆளில்லை. பெரிய இடமென்றால் அதே ஐஎஸ்சியின் கியா. சின்ன இடமென்றால் சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க். எனக்குப் பின்னதுதான் செல்லம்! கியாவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: அதில் ரிலே கிடையாது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

கே: இந்த ரிலே எதற்கு? ஒரே சர்வர் எல்லா மாடிக்கும் ஐபி கொடுத்துவிடாதா?

ப: ஆஹா, கேட்டீர்களே! டிஸ்கவர் என்பது பிராட்காஸ்ட். முகவரியே இல்லாத மெஷின் 0.0.0.0-இலிருந்து 255.255.255.255-ஐ நோக்கிப் போடும் கூச்சல். ரவுட்டர் அதைத் தாண்ட விடாது. ஹாஸ்டலில் வார்டன் ஏ பிளாக்கில். புதுப் பையன் சி பிளாக்கில் நின்று "எனக்கு ரூம் வேண்டும்" என்று கத்தினால் அவருக்குக் கேட்குமா? சி பிளாக் வாட்ச்மேன் கேட்டு, "சி பிளாக்" என்று தலைப்பிட்ட சீட்டில் எழுதி, நேராக வார்டன் கையில் கொடுக்கிறார். அந்த வாட்ச்மேன்தான் ரிலே. சீட்டின் தலைப்பு, பாக்கெட்டில் ரிலே தன் முகவரியை எழுதும் ஜிஐஅட்ரஸ் என்ற இடம். எந்த சப்நெட்டிலிருந்து ஐபி எடுப்பது என்பதை சர்வர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. 1985-இன் பூட்பி காலத்து ஏற்பாடு, இன்றும் அசையவில்லை!

சிக்கும் இடங்கள் இரண்டு. சர்வரின் பதில் அந்த ஜிஐஅட்ரசுக்குத்தான் போகிறது. அங்கே போக சர்வரில் ரூட் இல்லையென்றால் ஆஃபர் வழியிலேயே தொலையும். அடுத்து, டிஎன்எஸ்மாஸ்க்கில் தொலைதூர சப்நெட்டுக்கு ரேஞ்ச் எழுதும்போது நெட்மாஸ்க்கையும் சேர்த்து எழுதுங்கள். தன் கார்டில் நேரடியாக இல்லாத நெட்வொர்க்கின் மாஸ்க் அதற்குத் தானாகத் தெரியாது.

கே: நான் தமிழாசிரியை. பள்ளி லேபில் ஐபி மோதல் தினமும் நடக்கிறது. ஒரு பழைய லினக்ஸ் மெஷின் இருக்கிறது. என்னால் முடியுமா?

ப: முடியும் அம்மா. ஒரு மாலை நேரம் போதும்.

அந்த மெஷினுக்கு மட்டும் கையால் 192.168.10.2 என்று நிலையான ஐபி கொடுங்கள். மற்ற எல்லா மெஷினிலும் கையால் போட்டதை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். உங்கள் மோதலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கைவேலைதான். டிஎன்எஸ்மாஸ்க் கான்ஃபிக் ஃபைலில் எந்த நெட்வொர்க் கார்டு என்று ஒரு வரி, 192.168.10.100 முதல் 192.168.10.199 வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு (இந்தக் கெடுதான் லீஸ்) என்று ஒரு வரி, கேட்வே ஒரு வரி, டிஎன்எஸ் ஒரு வரி. பிரின்டருக்கு அதன் மேக் அட்ரஸை எழுதி எப்போதும் ஒரே ஐபி. உபுண்டு என்றால் போர்ட் 53-ஐ வேறொரு சர்வீஸ் பிடித்துக்கொண்டிருக்கும்; "போர்ட்=0" என்று எழுதினால் டிஎன்எஸ்மாஸ்க் அந்தச் சண்டைக்கே போகாது. டெஸ்ட் ஆப்ஷனோடு ஓட்டினால் எழுத்துப்பிழையை அதுவே காட்டும். பிழை திருத்துவது உங்களுக்குப் புதிதில்லையே! கடைசியாக, பிராட்பேண்ட் ரவுட்டரில் இருக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டுப் புது சர்வரைத் தொடங்குங்கள். இதை விட்டால் ஒரே லேபில் இரண்டு சர்வர் போட்டி போடும். எங்கே நின்றாலும் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

கே: லீஸ் முடிந்த நொடியில் நெட் அறுந்துவிடுமா?

ப: பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. வழக்கமாகப் பாதி நேரம் ஆனதுமே மெஷின் நீட்டிப்புக் கேட்கும். பதில் இல்லையென்றால் 87.5 சதவீதத்தில் எந்த சர்வராவது கொடுங்கள் என்று ஊருக்கே கேட்கும்படி கத்தும்.